உள்ளூர்த் தொழில்நுட்பம் வாங்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

கோவை பக்கம் ஒரு சிறு பட்டறைக்குத் தோதான இயந்திரத்தைச் செய்துகொடுப்பது பெரும்பாலும் இன்னொரு சிறு பட்டறைதான். பழுதானால் வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். செய்தவரே ஸ்பேனரோடு வந்து நிற்பார். அவரைத் தொழிலில் நீடிக்க விடாமல் செய்வது பல நேரம் வாங்குகிற நாம்தான்.

பெரிய தவறு, பணத்தை இழுத்தடிப்பது. "ஓடட்டும், பார்த்துத் தர்றேன்" என்று மாதக்கணக்கில் சொல்கிறோம். முதல் இயந்திரத்தின் காசு வந்தால்தான் அவர் அடுத்ததற்கு மோட்டார் வாங்க முடியும். புதிதாக எதையாவது செய்து பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் அமலான வருமான வரித் திருத்தப்படி, கெடு தாண்டிய தொகையை உண்மையில் கட்டிய ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா என்று பில் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கிராக் காப்பி, அதாவது காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் பயன்படுத்தும் திருட்டு மென்பொருள். 1980களில் பெங்களூரில் தொடங்கிய டேலி என்ற கணக்கு மென்பொருளை நம் ஊர்க் கடைகள் பல கிராக் காப்பியிலேயே பழகின. ஜிஎஸ்டி படிவம் மாறும்போது அதற்கு அப்டேட் வராது; கணக்கு கெட்டால் கேட்கவும் ஆள் இல்லை.

குறையை டீக்கடையில் சொல்லிவிட்டு, செய்தவரிடம் சொல்லாமல் விடுவதும் தவறுதான். "மெஷின் சரியில்லை" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. "இரண்டு மணி நேரம் ஓடினதும் மோட்டார் சூடாகுது, 20 எம்எம் கம்பியில மட்டும் அதிருது" என்று ஆபரேட்டரைச் சொல்லச் சொல்லுங்கள். அடுத்த மாடல் அதிலிருந்துதான் பிறக்கும்.

அதற்காக, சுதேசி என்ற ஒரே காரணத்துக்காகச் சோதிக்காமல் வாங்காதீர்கள். உங்கள் சரக்கையே போட்டு ஓட்டிப் பாருங்கள். மென்பொருள் என்றால், கணக்கு முழுவதையும் எக்செல்லில் வெளியே எடுக்க முடிகிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

நீங்களே புதிதாக ஒன்று செய்திருந்தால், கண்காட்சியில் வைப்பதற்கு முன் தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முழு விவரத்தைத் தர 12 மாதம் அவகாசம் உண்டு. சிறு நிறுவனங்களுக்குக் கட்டணமும் குறைவு.