ஆல்ப்ஸில் மலைச் சைக்கிள் விடுமுறை: இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் முடிவு செய்ய வேண்டியது நாட்டை அல்ல. ஏற்றத்தை நீங்களே மிதித்துக் கடக்க விரும்புகிறீர்களா, கம்பிவட ஊர்தியில் சைக்கிளோடு மேலே சென்று இறங்க மட்டும் விரும்புகிறீர்களா என்பதையே.

இறக்கமே நோக்கமென்றால், பிரான்சையும் சுவிட்சர்லாந்தையும் இணைக்கும் போர்ட் டு சொலேய் பகுதியை, குறிப்பாக மோர்சின், லே ஜே ஊர்களை முதலில் பரிசீலியுங்கள். 2004, 2022 ஆகிய ஆண்டுகளில் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்திய லே ஜேயில் கடினமான தடங்களுடன் தொடக்கநிலையினருக்கேற்ற எளிய தடங்களும் இருப்பதால், திறன் வேறுபடும் குடும்பத்தினரும் ஒரே இடத்தில் மகிழலாம். ஆஸ்திரியாவின் லியோகாங்கும் நல்ல தேர்வே.

நீண்ட மலைப்பயணம் விரும்புவோர்க்கு, சுமார் 1,800 மீட்டர் உயரத்திலுள்ள இத்தாலியின் லிவிஞ்ஞோ பொருந்தும். ஆனால் ஜூனில் உயரமான கணவாய்களில் பனி எஞ்சியிருக்கக்கூடும். ஆகவே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே பாதுகாப்பானவை. பிற்பகலில் இடிமழை வழக்கமாதலால், காலையிலேயே புறப்படுங்கள்.