பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் கேம் ஓட்ட வேண்டுமா? முதலில் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) லேபிளைப் படியுங்கள்

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று கம்பெனிகள் கழித்துவிட்ட டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆன்லைனிலும் 'ரீஃபர்பிஷ்டு' என்று கிடைக்கும். உள்ளே பெரும்பாலும் நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், ஓடி ஓடித் தேய்ந்த ஒரு ஹார்ட் டிஸ்க். டேலிக்கும் எக்ஸெலுக்கும் என்று வாங்கியதில் வீட்டுப் பையன் ஜிடிஏ 5 போட்டுப் பார்ப்பான், படம் படமாக நகரும், உடனே "என்ன கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்" என்று கேள்வி வரும். அதற்குப் பதில் கடைக்காரரிடம் இல்லை, உங்கள் கேபினட்டுக்குள்ளேயே இருக்கிறது.

விளக்குவதற்கு வசதியாக ஆப்டிபிளெக்ஸ் 9020 மினி டவர், ஐ5-4570 ப்ராசஸர் என்று வைத்துக்கொள்கிறேன். 2013 வாக்கில் வந்த செட். உங்களுடையது வேறு மாடலாக இருந்தாலும் வரிசை இதுதான்.

படி 1: எது மூச்சு வாங்குகிறது?

கேமை ஓடவிட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். மெமரி நிரம்பி வழிந்தால் ரேம். ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) 99, சிபியூ (ப்ராசஸர்) 60 என்றால் கார்டு போதவில்லை. இரண்டும் தலைகீழாக இருந்தால் ப்ராசஸர். தனி கார்டே இல்லாத செட்டில் ஜிபியூ எப்போதும் முட்டிக்கொண்டுதான் நிற்கும், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

படி 2: ரேம், எஸ்எஸ்டி

அதே டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தட்டினால் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் எல்லாம் தெரியும். 16 ஜிபி இலக்கு, அதையும் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். ஒரு ஸ்டிக் மட்டும் போட்டால் ஒரு சேனலில்தான் (மெமரிப் பாதை) ஓடும், பாதி அகலத்தை வீணடித்த மாதிரி. நான்காம் தலைமுறைக்கு டிடிஆர்3 1600 வகை ரேம். செகண்ட் ஹேண்டில் சல்லிசாக விழும், ஆனால் ரொம்பவே சல்லிசாக ஒருவர் நீட்டினால் அது சர்வர் ரேமாக இருக்கலாம். ஸ்டிக்கரில் 'ரெஜிஸ்டர்ட்' என்றோ, 12800 என்ற எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற எழுத்தோ இருந்தால் வாங்காதீர்கள், இந்த மதர்போர்டில் ஏறாது.

எஸ்எஸ்டி விஷயம் எளிது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 480 அல்லது 500 ஜிபி. இந்தக் காலத்து என்விஎம்இ டிரைவை (இன்னும் வேகமான எஸ்எஸ்டி வகை) அடாப்டரில் மாட்டினாலும் பழைய பயாஸ் (போர்டை எழுப்பிவிடும் மென்பொருள்) பெரும்பாலும் அதிலிருந்து பூட் ஆகாது. ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம்) எஸ்எஸ்டியால் பெரிதாக ஏறாது, லோடிங் குறையும், நடுவில் தடக் தடக் என்று நிற்பது குறையும். விண்டோஸைப் புதிதாகவே இன்ஸ்டால் செய்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இந்த ப்ராசஸரை ஏற்காது. இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

படி 3: எஸ்எம்பிஎஸ்

இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் மூலையில் இரும்புப் பெட்டி, அதன் மேல் லேபிள். 9020 மினி டவரில் 290 வாட் இருக்கும். மொத்த வாட்டை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், 12 வோல்ட் என்று எழுதியிருக்கும் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், 12-ஆல் பெருக்கினால் அந்த லைனின் வாட் வரும். 18 ஆம்பியர் என்றால் 216. ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான்.

அப்புறம் கேபிள்களைப் பாருங்கள். கார்டுக்கான 6 பின், 8 பின் கேபிள் இந்த ஆபீஸ் செட்களில் பொதுவாக இருக்காது. "எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றிவிட்டால்?" மாற்றலாம், ஆனால் 9020 போர்டுக்கு வருவது வழக்கமான 24 பின் இல்லை, டெல்லின் சொந்த 8 பின். எலைட்டெஸ்க் 800 ஜி1-இல் 6 பின், அந்தக் காலத்து திங்க்சென்டர்களில் 14 பின். 24 பின்னிலிருந்து இவற்றுக்கு மாற்றும் அடாப்டர் கேபிள் தனியாகக் கிடைக்கும், உங்கள் மாடலுக்கு உரியதைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய மோலெக்ஸ் கேபிளிலிருந்து (நாலு பின் பவர் கேபிள்) 6 பின் இழுத்து ஒட்டுப்போடுகிற வேலையை மட்டும் செய்யாதீர்கள், உருகிப்போகலாம்.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாமல் முடிப்பதே என் கட்சி. கார்டு மாட்டுகிற ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும், அதற்குள் அடங்குகிற கார்டாகப் பார்த்துக்கொள்ளலாம். ஒல்லியான எஸ்எஃப்எஃப் கேபினட் என்றால் அரை உயரக் கார்டு மட்டும்தான் போகும், சில மாடல்களில் ஸ்லாட் 75 வாட்டுக்கும் குறைவாகத்தான் தரும், சர்வீஸ் மேனுவலில் போட்டிருப்பார்கள்.

படி 4: கார்டு

பவர் கேபிள் கேட்காத கார்டுகளில் பார்க்க வேண்டியவை இவ்வளவுதான். ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, 75 வாட்: பழைய செட்டுக்கு இன்னும் நல்ல ஜோடி, ஆனால் சில தயாரிப்பாளர்களின் 1650-இல் 6 பின் இருக்கும், படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல், 2024 பிப்ரவரியில் வந்தது, 70 வாட்: கையில் காசு இருந்தால் இதுதான். அதே பெயரில் 8 ஜிபி மாடல் இருக்கிறது, அதற்குத் தனி பவர் கேபிள் வேண்டும், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ நல்ல கார்டுதான், ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது, அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் மட்டும் எடுங்கள்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. ஆர்எக்ஸ் 6400 நான்கு லேனில் (டேட்டா பாதை) மட்டும் ஓடுகிற கார்டு, இந்த செட்டில் இருக்கும் பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் போட்டால் வேகம் இழக்கும். இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைஸபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் ப்ராசஸர் ஒரே நேரத்தில் எட்டும் வசதி) இருப்பதை எதிர்பார்க்கின்றன, உங்கள் போர்டில் அது கிடையாது. ஜிடி 730 4 ஜிபி என்று ஒன்றைக் கடையில் எடுத்துக் காட்டுவார்கள், "நாலு ஜிபி சார்" என்பார்கள். 2014-இல் வந்த கார்டு, மெமரி எவ்வளவு இருந்தாலும் அதற்கு இழுக்கத் தெம்பு கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கடையிலேயே ஜிபியூ-இசட் என்ற மென்பொருளை ஓட்டிப் பாருங்கள், பயாஸ் மாற்றி வேறு பெயரில் விற்கும் போலி என்விடியா கார்டை அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

படி 5: மாட்டுவது

கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பின்பக்கத் தகட்டை எடுங்கள், நீளமான ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள சின்ன க்ளிப்பை விலக்குங்கள், கார்டை நேராக நிறுத்தி இரண்டு முனையிலும் சமமாக அழுத்துங்கள். க்ளிப் டிக் என்று மூட வேண்டும், கார்டின் தங்க நிறப் பற்கள் ஒரு கோடு கூட வெளியே தெரியக்கூடாது. ஒரு பக்கம் தூக்கி நின்றால் கழற்றி மறுபடி போடுங்கள், ஸ்க்ரூவை முறுக்கி இறக்கப் பார்க்காதீர்கள். கேபினட் திறந்திருக்கும்போதே ப்ராசஸர் ஃபேனைக் கழற்றிப் பழைய தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைக் கடத்தும் பசை) துடைத்துப் புதிது வைத்துவிடலாம், பத்து வருஷத்தில் அது காய்ந்து மண்ணாகியிருக்கும்.

மானிட்டர் கேபிள் இனி கார்டில் போக வேண்டும், போர்டில் இல்லை. "புது கார்டு போட்டும் வித்தியாசமே இல்லை" என்கிற புகாரில் பாதி இதுதான். பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் இந்தக் கார்டுகளில் அந்தத் துளையே கிடையாது, எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வர்ட்டர் ஒன்று சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: டிரைவரும் செட்டிங்கும்

டிரைவரை என்விடியா தளத்திலிருந்தே இறக்குங்கள். கேமில் 1080பி, மீடியம் என்று தொடங்கி, ஷேடோவை முதலில் குறைத்து, ஃப்ரேமை 60-இல் பூட்டிவிடுங்கள். நாலு கோர் ப்ராசஸருக்கு அந்தப் பூட்டு ரொம்ப உதவும், அவ்வப்போது வரும் திக்கல் அடங்கும்.

இதற்குப் பிறகும் சிபியூ 100-இலேயே நின்றால் அதே சாக்கெட்டில் ஐ7-4770 போடலாம், நாலு கோர் எட்டு த்ரெட், ஐ5 மாதிரியே 84 வாட். செகண்ட் ஹேண்ட் விலை நியாயமாக இருந்தால் சரி. இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொண்டு அடுத்த போர்டு, ப்ராசஸருக்குப் பணம் சேருங்கள். எஸ்எஸ்டியும் கார்டும் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம், டிடிஆர்3 ரேம் மட்டும் கூட வராது.