படத்தில் இருப்பது எறும்புதானா?

மாமரத்தில் முசுறு எறும்பு ஊர்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். ராத்திரி பெரிதாக்கிப் பார்த்தால் எட்டுக் கால்! முசுறு வேஷம் கட்டிய சிலந்தி. அன்றிலிருந்து எந்தப் படம் வந்தாலும் நிறத்தைப் பார்க்கும் முன்பே காலை எண்ணிவிடுகிறேன். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

1. கால்களை எண்ணுங்கள்

ஆறு என்றால் பூச்சி. எட்டு என்றால் சிலந்தி, உண்ணி வகையறா. மழைக்குப் பிறகு தரையில் ஊரும் சிவப்பு வெல்வெட் பூச்சிகூடப் பெயரில்தான் பூச்சி, வளர்ந்ததற்குக் கால் எட்டு.

எறும்புச் சிலந்தி இங்கேயும் ஏமாற்றும். முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும்; அவசரத்தில் ஆறு கால் என்றே எண்ணிவிடுவோம். நிஜ எறும்பின் கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும். சிலந்திக்குக் கொம்பே கிடையாது. முகத்தில் இரண்டு பெரிய கண்கள் தெரிந்தாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆண் சிலந்திக்குத் தாடை முன்னால் நீண்டிருக்கும். ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போகிறது என்றே தோன்றும்.

2. கொம்பையும் இறக்கையையும் பாருங்கள்

பூவில் மஞ்சள் கறுப்புப் பட்டையோடு உட்காருவதெல்லாம் தேனீ அல்ல, தேனீ மாதிரி ஈயும் உண்டு. ஈக்கு இறக்கை இரண்டு, தேனீக்கு நான்கு. ஆனால் தேனீ பறக்கும்போது முன்னிறக்கையையும் பின்னிறக்கையையும் சிறு கொக்கிகளால் கோத்துக்கொள்ளும். படத்தில் பக்கத்துக்கு ஒன்றாகத்தான் தெரியும். அதனால் நான் கொம்பைத்தான் நம்புவேன். இந்த ஈக்களுக்குப் பெரும்பாலும் குட்டை, தேனீக்கு நீளம்.

3. எந்தச் செடி, என்ன அளவு?

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கும் புழுவா? அழகி (ஸ்வாலோடெயில்) வகை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். எருக்கம் இலையைத் தின்னும் வரிப்புழு வேறு குடும்பம். செடியையும் ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவும் தெரிந்துவிடும். அது வார்ப்பைப் பொறுத்து ஏறத்தாழ 2 முதல் 2.5 செ.மீ.

4. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று

காமன் ரோஸ் வண்ணத்துப்பூச்சி பறவைகளுக்கு ஆகாத நஞ்சுடையது. காமன் மார்மன் இனத்துப் பெண்களில் ஒரு வகை அதே கறுப்பு இறக்கை, வெள்ளைத் திட்டு, சிவப்புப் புள்ளிகளோடு திரியும். ஆனால் ரோஸின் உடல் சிவப்பு, மார்மனின் உடல் கறுப்பு. இறக்கையை மட்டும் எடுத்துவந்தால் தகராறுதான்.

5. அப்புறம்தான் செயலி

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் பெயர்களை அதுவே பரிந்துரைக்கும். முதல் பெயரை அப்படியே அமுக்கிவிடாதீர்கள். பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி) வரை உறுதி என்றால் அதோடு நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படம் வேண்டாம், தேதியும் இடமும் பெரும்பாலும் அழிந்திருக்கும். வீட்டுத் தோட்டம் என்றால் இடத்தை மங்கலாக்கும் வசதியும் அதில் உண்டு.

என் கணக்கில் ஒரு படம் இன்னும் வெறும் ‘ஈ’ என்றே கிடக்கிறது. சில ஈக்களை நுண்ணோக்கியில் வைத்தால்தான் இனம் பிரிக்க முடியும். அது பறந்துபோய் நாளாயிற்று.