பெங்களூரில் லோலிடா உடை: காசைத் தின்னும் தவறுகள்

தோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் வளர்ந்த லோலிடா உடைக்குச் சில அடையாளங்கள் உண்டு. முழங்கால் வரை மணிபோல் விரியும் பாவாடை, கழுத்து மூடிய பிளவுஸ், அடுக்கடுக்காய் லேஸ். பெங்களூரில் இதைத் தொடங்குகிற தமிழ்ப் பிள்ளைகள் பலரும் ஒரே தவறில்தான் முதல் பணத்தைத் தொலைக்கிறார்கள். "அளவு பார்த்து வாங்கு" போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

லெஹங்கா கேன்கேனை வெட்டிப் பெட்டிகோட் ஆக்குவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடிய செலவு இது. சிக்பேட்டில் லெஹங்காவுக்கான கேன்கேன், அதாவது உள்ளே அணியும் நெட் பாவாடை, மலிவாகக் கிடைக்கிறது. தரைவரை நீளும் அதை முழங்கால் அளவுக்கு வெட்டிக்கொண்டால், லோலிடா பாவாடையை உள்ளிருந்து விரித்து நிறுத்தும் பெட்டிகோட் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆனால் கேன்கேனில் நெட் அடுக்குகள் இருப்பது கீழ்ப்பகுதியில்தான். 40 அங்குலத்தை 22 ஆக வெட்டினால் குப்பைக்குப் போவது அந்த அடுக்குகள். கையில் மிஞ்சுவது தொடையோடு ஒட்டும் லைனிங் துணி.

அதோடு நிற்பதும் இல்லை. அல்சூரில் ஒரு கல்லூரி மாணவி, புடைப்பு வரவில்லை என்று இரண்டாவது கேன்கேனையும் வெட்டி மேலே போட்டார். புடைப்பு அப்போதும் வரவில்லை, இடுப்புதான் தடித்தது. ஜப்பானிலிருந்து வாங்கிய பழைய உடையின் பக்க ஜிப் பிய்த்துக்கொண்டது. ஜிப் மாற்றியபோது பழைய துணி தையலோரம் கிழிந்தது. இரண்டு கேன்கேன், ஜிப், ஒட்டுத் தையல் என்று போன காசில் நல்ல பெட்டிகோட் ஒன்றே தைத்திருக்கலாம்.

அதைத் தைப்பது இப்படி. 24 அங்குலப் பாவாடைக்குப் பெட்டிகோட் 22 அங்குலம் இருக்க வேண்டும், வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. மேலே 8 அங்குலத்துக்குக் காட்டன் பாப்ளின் பட்டை, இடுப்பில் எலாஸ்டிக். இடுப்பெலும்புச் சுற்றளவு 38 என்றால் பட்டை 42 அங்குலம். அதன் கீழே 7 அங்குல உயரத்தில் நெட் துணியில் இரண்டு அடுக்கு. மேலடுக்கு 3 மீட்டர் நீளம், கீழடுக்கு 9 மீட்டர். புடைப்பைத் தருவது இந்த மும்மடங்குச் சுருக்குதான். சொல்லாவிட்டால் டெய்லர் குழந்தை கவுனுக்கு வைப்பதுபோல் ஒன்றரை மடங்கோடு முடித்துவிடுவார். தாளில் எழுதிக் கொடுங்கள். சுருக்குக்குப் பதிலாகப் பிளீட் வைக்கவும் விடாதீர்கள், அது படுத்துவிடும்.

மேல்கீழ் தையலுக்கும் சேர்த்து 7½ அங்குலப் பட்டைகளாக வெட்டினால், 58 அங்குல அகல நெட்டில் நீளவாக்கில் 7 பட்டை கிடைக்கும். ஒவ்வொரு அடுக்கையும் இரண்டு படலமாக வைத்துத் தைக்க 24 மீட்டர் பட்டை தேவை, அதற்கு 4 மீட்டர் துணி போதும். 9 மீட்டரை 3 மீட்டரில் சமமாகச் சுருக்க, இரண்டையும் எட்டுப் பாகமாகப் பிரித்துச் சாக்குக்கட்டியால் குறி போடச் சொல்லுங்கள். குறியில்லாமல் தைத்தால் முன்பக்கம் மொத்தையாகவும் பின்பக்கம் வெறிச்சென்றும் நிற்கும். உள்ளே மெல்லிய காட்டன் லைனிங் கட்டாயம், இல்லையென்றால் நெட் ஸ்டாக்கிங்ஸைக் கீறிவிடும்.

நெட்டைக் கடையிலேயே சோதியுங்கள். ஒரு முனையைக் கைக்குள் ஒரு நிமிடம் கசக்கிப் பிடித்துவிட்டு விரல்களைத் திறங்கள். தானே விரிந்தால் வாங்கலாம். மடிப்பு அப்படியே நின்றால் ஒருமுறை ஆட்டோவில் உட்கார்ந்து எழுந்ததும் பெட்டிகோட் தட்டையாகிவிடும். மிகவும் விறைப்பான ஹார்டு நெட் வேண்டாம், அது கூர்கூராக உடைந்து நிற்கும். நைலான் ஆர்கன்சா விலை கூடுதல்தான், ஆனால் மென்மையாக இருக்கும், குத்தாது. இஸ்திரி போடாமல் ஆவி காட்டுங்கள்.

அம்ப்ரெல்லா கட்

பெட்டிகோட் சரியாக இருந்தும் வடிவம் வராவிட்டால் பாவாடையின் வெட்டைப் பாருங்கள். டெய்லர் வழக்கமாக வெட்டும் அம்ப்ரெல்லா கட்டில் துணி இடுப்பில் சுருக்கில்லாமல் இறங்கும். வேண்டியது செவ்வகத் துணி, இடுப்பில் சுருக்கு. கீழ்ச்சுற்றளவு 3 மீட்டர் இருந்தால் பெட்டிகோட்டுக்கு இடம் கிடைக்கும், 2 மீட்டரில் அது நசுங்கிப்போகும்.

பளபள லேஸ்

உடை மட்டமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பாலியஸ்டர் லேஸ் விளக்கொளியில் மினுங்கும், ஓரம் சுருண்டுகொள்ளும். குரோஷேபோல் தடித்த காட்டன் லேஸும், ஓட்டை எம்பிராய்டரி போட்ட ஹக்கோபா ஓரமும் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டை ஒட்டிய தெருக்களில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பிளவுஸுக்கு முழு ஹக்கோபா துணியே எடுத்துவிடலாம், பெங்களூர் வெயிலுக்கும் ஏற்றது. காட்டன் லேஸை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையில் லேஸ் சுருங்கி, துணி ஓரத்தையும் இழுத்துவிடும்.

வெள்ளைக்கு வெள்ளை

தூய வெள்ளையும் லேசாக மஞ்சள் கலந்த ஐவரி வெள்ளையும் ஒட்டாது. கடை வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

கள்ள அச்சு

பிராண்டுகளின் பிரிண்டைத் திருடிய நகல் உடை வாங்காதீர்கள். சாதா ஒற்றை நிறத் துணி அதைவிட மேல்.

தபால் செலவை மறந்து கணக்குப் போடுவது

தோக்கியோவின் க்ளோசெட் சைல்ட் போன்ற பழைய உடைக் கடைகளில் ஏஞ்சலிக் பிரெட்டி, 1988இல் தொடங்கிய பேபி தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட் போன்ற பிராண்டுகளின் உடைகள் புது விலையைவிடக் குறைவாகக் கிடைக்கும். ஆனால் இந்தியச் சுங்க வரி உடையின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்த தொகைக்குப் போடுகிறார்கள். உடை 3000 ரூபாய், தபால் 2500 என்றால் வரி 5500க்கு. பெட்டியில் "பரிசு" என்று எழுதச் சொல்லி விற்பவரைக் கேட்பதிலும் பயனில்லை. பரிசுப் பொருளுக்கு வரியில்லை என்ற சலுகை, ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர, 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் ஜப்பானிலிருந்து வரவழைப்பது இங்கே தைக்க முடியாத பிரிண்ட் உடையாக மட்டும் இருக்கட்டும். பிளவுஸ், பெட்டிகோட், தலை ரிப்பன் எல்லாவற்றையும் சிவாஜிநகர் டெய்லரிடமே முடித்துக்கொள்ளலாம்.

அந்தக் கடைகளின் அளவுப் பட்டியலில் மார்பளவு 44 செ.மீ. என்று இருந்தால் அது தட்டையாக வைத்து அளந்தது, சுற்றளவு 88. பின்புறம் எலாஸ்டிக் இல்லாத உடையென்றால் உங்கள் உடலளவு 84ஐத் தாண்டாமல் இருந்தால்தான் கையைத் தூக்க முடியும்.