கொல்லிமலைக்குப் போகும் முன் ஸ்விஃப்டின் முன்சக்கர பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பது எப்படி?

சனி, ஞாயிறு மலைப் பயணம் என்றதும் ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள் டயருக்குக் காற்று அடிப்பார்கள், கண்ணாடி துடைக்கும் தண்ணீரை நிரப்புவார்கள், டீசலா பெட்ரோலா என்று பார்த்து டேங்கை ரொப்புவார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்டால் "நல்லாத்தானே பிடிக்குது" என்பார்கள். நாமக்கல் பைபாஸில் நன்றாகப் பிடிக்கும் பிரேக், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் காரவள்ளி வரை இறங்கும்போதும் அப்படியே பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

காரணம் வெப்பம். ஸ்விஃப்ட் ஏறத்தாழ 900 கிலோ. நாலு பேரும் டிக்கி நிறைய மூட்டையும் சேர்ந்தால் 1,200 கிலோவைத் தாண்டிவிடும். இந்த எடை ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி மூன்று யூனிட் மின்சாரத்துக்கு மேல், அதாவது ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மூன்று மணி நேரம் இழுப்பது. எஞ்சின் வாங்கிக்கொள்வது போக மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்தான். பின்னால் இருப்பது டிரம், இறக்கத்தில் எடையும் முன்பக்கம் சாயும். ஆக, முன்னால் சக்கரத்தோடு சுற்றும் இரண்டு டிஸ்க் தட்டுகளும் அவற்றை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் நாலு பேடும்தான் பெரும்பாரத்தைச் சுமக்கின்றன.

கீழே சொல்லியிருப்பது 2018 முதல் 2024 வரை வந்த மாடலை மனதில் வைத்து. அதற்கு முந்தைய ஸ்விஃப்டிலும் வேலை இதேதான். ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பின் டிரம்மில் கை வைக்க வேண்டாம், அதன் ஸ்பிரிங்குகள் முதல்முறை செய்பவரைப் படுத்தி எடுக்கும்.

என்னென்ன வேண்டும்

19 எம்.எம். வீல் ஸ்பேனர், 12, 14 ஸாக்கெட்டுகள், மெல்லிய ஓபன் ஸ்பேனர் செட், ஒரு சி-கிளாம்ப், கம்பி பிரஷ், பனியன் வேஸ்ட், பிரேக் கிளீனர் ஸ்பிரே, கட்டுக்கம்பி ஒரு முழம். இவற்றோடு ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்ட். வண்டியோடு வரும் ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, அதை நம்பிக் கை நீட்டக் கூடாது. ஸ்டாண்ட் இல்லையென்றால் இந்த வேலையே வேண்டாம்.

கிரீஸில் கஞ்சத்தனம் கூடாது. பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும், சூட்டில் உருகியும் ஓடும். ரப்பருக்கு ஒத்துவரும் சிலிக்கான் பிரேக் கிரீஸ் சின்ன பாக்கெட்டில் கிடைக்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் ஒரு பாக்கெட் தாராளம்.

வசதி இருந்தால், நட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள். பஞ்சர் கடை ஏர் கன் நட்டை அடித்து முறுக்கும் முறுக்குக்கு ஸ்டட் நீண்டுபோகும், நடுவழியில் பஞ்சரானால் கையால் கழற்றவும் முடியாது. எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும்.

கழற்றுவதற்கு முன்

பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆகவே மெல்ல மெல்ல மட்டம் குறைவது பேட் தேய்மானத்தின் கணக்கு. அதை மேல்கோடு வரை நிரப்பிவிட்டுப் பிறகு புதுப் பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் பொங்கி வழியும், பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்து வரும். திடீரென்று மட்டம் இறங்கியிருந்தால் அது கசிவு. அப்படியானால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இன்னொரு சோதனைக்கு எந்தச் சாமானும் வேண்டாம். பத்து கிலோமீட்டர் சாதாரணமாக ஓட்டிவிட்டு நிறுத்தி, முன்சக்கரம் இரண்டின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தப் பக்கத்துப் பேட் டிஸ்க்கை விடாமல் உரசுகிறது. அந்தச் சக்கரத்தைத்தான் முதலில் கழற்ற வேண்டும்.

கழற்றுவது

சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குப் பின்னால் கல் வையுங்கள். வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, கழற்றிய சக்கரத்தைப் படுக்கைவாட்டில் வண்டிக்கு அடியில் தள்ளிவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். ஸ்டியரிங்கைத் திருப்பினால், பிஸ்டனையும் பேடுகளையும் வைத்துக்கொண்டு டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் கேலிப்பரின் பின்பக்கம் வெளியே தெரியும்.

கேலிப்பரை இரண்டு ஸ்லைடு பின்கள் தாங்குகின்றன. கீழ் போல்ட்டை மட்டும் கழற்றினாலே கேலிப்பரை மேலே தூக்கிப் பேடைப் பார்க்கலாம். பல இடங்களில் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் இரண்டையும் கழற்றப் போகிறோம். திருகும்போது பின்னும் கூடவே சுற்றினால் ஓபன் ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேலிப்பர் கையோடு வந்ததும் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஆயில் வரும் ரப்பர் ஹோஸில் தொங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் உள்ளே பிளக்கும்.

பேடைப் பிரிப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். கீச்சென்று சத்தமிட்டு எச்சரிக்கும் சின்னத் தகடு எந்தப் பேடில், எந்த முனையில் இருந்தது என்பது மாட்டும்போது சத்தியமாக நினைவிருக்காது.

தேய்மானத்தைப் பாருங்கள். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, உரசும் பொருளை மட்டும் அளக்க வேண்டும். 3 மி.மீ. வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மலைக்குப் போகிறீர்கள் என்றால் 4 மி.மீட்டரிலேயே மாற்றுவது என் கட்சி, ஏனென்றால் பேட் மெலிய மெலிய சூடு பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் சீக்கிரம் ஏறும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து நாலாக மாற்ற வேண்டும். டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் புது டிஸ்க்தான், கடைசல் போட்டு ஒப்பேற்றக் கூடாது.

எல்லாரையும் காலை வாரும் இடம்: ஸ்லைடு பின்

புதுப் பேட் போட்டும் ஒரு பக்கம் இழுக்கிறது, ஆறு மாதத்தில் மறுபடி தேய்ந்துவிட்டது, ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாடை. இந்தப் புகார்களில் பெரும்பாலானவை பேடின் குற்றமில்லை. ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது.

ஸ்விஃப்டின் கேலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம் மட்டுமே. அது உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தில் கேலிப்பர் முழுதும் பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடை இழுத்துவந்து சேர்க்கும். பின் வழுக்காவிட்டால் உள்பேடே எல்லா வேலையையும் செய்யும், பெடலை விட்டாலும் டிஸ்க்கை விட்டு விலகாது. பழைய பேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பேட் வெளிப்பேடைவிடத் தெளிவாக மெலிந்திருந்தால் பின் இறுகியிருக்கிறது அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. ஒரே பேட் ஒரு முனையில் தடித்து மறுமுனையில் மெலிந்து ஆப்பு போலத் தேய்ந்திருந்தால் இரண்டு பின்னில் ஒன்று மட்டும் இறுகியிருக்கலாம்.

ஒவ்வொரு பின்னையும் உருவுங்கள். நல்ல பின் இரண்டு விரலில் வரும். வரவில்லையென்றால் ஸ்பேனரால் இடவலமாகச் சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும், சுத்தியல் கூடாது. பழைய கிரீஸ் தேனடைபோல இறுகிப் பழுப்பாக இருக்கும். பனியன் வேஸ்ட்டில் பிரேக் கிளீனர் அடித்து முழுக்கத் துடையுங்கள், துளைக்குள்ளும் துணியை முறுக்கி விட்டு எடுங்கள். சொரசொரப்பான உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய் அடுத்த மழைக்காலத்திலேயே துரு பிடிக்கும். ஏற்கெனவே துரு குழி விழுந்திருந்தால் பின்னை மாற்றிவிடுங்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான்.

மேல் பின்னும் கீழ் பின்னும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் முனையில் ரப்பர் வளையம் இருக்கக்கூடும். இடம் மாற்றிப் போட்டால் புதுப் பின்னும் இறுகும். ஒன்றைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள், குழப்பமே வராது.

கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் போதும். துளையை நிரப்பினால் உள்ளே காற்று அடைபட்டுப் பின்னை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்திவிட்டால் மறுபடி துள்ளிவருகிறதா? ரப்பர் உறையின் விளிம்பைச் சற்றே தூக்கிக் காற்றை விடுங்கள், அப்படியும் வந்தால் கிரீஸைக் குறையுங்கள்.

திரும்ப மாட்டுவது

பேடின் காதுகள் உட்காரும் கிளிப்புகளைக் கழற்றி, அடியில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். புதுப் பேட் உள்ளே நுழையவில்லை என்பவர்கள் பேடை அரத்தால் ராவுகிறார்கள். இடத்தை அடைத்திருப்பது அந்தத் துருதான், பேடைத் தொட வேண்டாம்.

ஆயில் டப்பாவின் மூடியைத் தளர்த்திவிட்டு, பழைய பேடைப் பிஸ்டனுக்கு மேல் வைத்து சி-கிளாம்ப்பால் நிதானமாகத் தள்ளுங்கள். பிஸ்டன் அசையவே மாட்டேன் என்றாலோ அதன் தூசி உறை கிழிந்து ஈரம் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பேட் வாங்கும்போது வண்டியின் சேசிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள். "ஸ்விஃப்ட் பேட்" என்று மட்டும் கேட்டால் பழைய மாடலுடையதைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதியுங்கள். முதல் இரண்டு மூன்று மிதி தரை வரை போகும், பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் வண்டி கேட்டில்தான் நிற்கும். மூடியை இறுக்கி, ஆயில் மட்டத்தைச் சரிபாருங்கள்.

காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதைப் பத்துத் தடவை செய்யுங்கள். இடையிடையே ஆறவிட்டு ஓட்டுங்கள், முழுதாக நிறுத்த வேண்டாம். புதுப் பேடோடு நேராக மலைக்குக் கிளம்பக் கூடாது. நட்டுகளை நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி ஒருமுறை சோதியுங்கள்.

ஆயில் மாற்ற மறப்பது

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆயில் கொதித்தால் குமிழி கட்டிப் பெடல் பஞ்சாகிவிடும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு. புதிய டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டப்பாவில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றுவது மாற்றியதாகாது. நாலு சக்கரத்திலும் பிளீட் செய்து, அதாவது குழாயில் இருப்பதையும் வடித்து, பழையதை வெளியேற்ற வேண்டும். வொர்க்‌ஷாப்பில் கொடுத்தால் சீல் உடைக்காத புட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். எந்த டாட் என்பது மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 5 சிலிக்கான் வகை, பக்கத்திலேயே வர வேண்டாம்.

  

கேட்டவர்களுக்காகப் பிறகு சேர்த்தது

கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏ.ஜி.எஸ். வண்டியில் எப்படி இறங்குவது என்று பலர் கேட்கிறார்கள். லீவரை எம்-முக்குத் தள்ளி இரண்டாம் கியர், செங்குத்தான வளைவில் முதல் கியர். டி-யில் விட்டால் வேகம் கூடக்கூட அது மேல் கியருக்குப் போகப் பார்க்கும். மேனுவலிலும் ஏறிய கியரிலேயே இறங்குவது நல்ல கணக்கு. நியூட்ரலில் விடுவதோ எஞ்சினை அணைப்பதோ வேண்டவே வேண்டாம். எஞ்சின் நின்றால், பெடலை மிதிக்கக் கைகொடுக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும்.

இறங்கும் வழியில் வாடை வந்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. பெடல் கெட்டியாக இருந்தும் பிடிமானம் குறைந்தால் பேட் சூடேறிவிட்டது. பெடல் பஞ்சாகி ஆழமாகப் போனால் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டது. முதலாவதில் அகலமான இடத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரைமணி ஆறவிட்டால் தொடரலாம். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். இரண்டாவதில் ஆறியபின் பெடல் பழையபடி வந்தாலும் முதல் கியரிலேயே ஊர்ந்து அடிவாரத்துக்கு வந்து, ஆயிலை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.