கொறங்காட்டில் சீமைக்கருவேலத்தை அகற்றிப் புல்லை மீட்கும் முறை

காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் கிளுவை வேலியும் வெள்வேலமும் கொழுக்கட்டைப் புல்லும் சேர்ந்த மேய்ச்சல் நிலமே கொறங்காடு. காங்கயம் மாடுகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த இந்நிலத்தைக் கவனிக்காமல் விட்டால், சீமைக்கருவேலம் புகுந்து புல்லை ஒடுக்கிவிடும். அதை மீட்பது வெட்டுவதோடு முடிகிற வேலை அன்று.

முதலில் மரங்களைப் பிரித்தறிய வேண்டும். வெள்வேலம், சீமைக்கருவேலம் இரண்டிலும் முள் இருப்பதால், வெட்ட வருபவர்கள் வெள்வேலத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடுவது உண்டு. நிழல் தரும் மரம் ஒன்று போனால் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். வெள்வேலத்தின் பட்டை வெளிறியிருக்கும், பூக்கள் சிறு உருண்டைகளாக இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூவோ விரல்போல் நீண்ட கதிர். அதன் நெற்று தடித்து, பழுத்தால் மஞ்சளாகும். காக்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். புறம்போக்கு நிலமானால் ஊராட்சியிடமும் வருவாய்த் துறையிடமும் முன்கூட்டியே அனுமதி பெறுங்கள்.

நெற்று பழுத்து உதிர்வதற்கு முன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேலையைத் தொடங்குவது நல்லது. சிறு கன்றுகளைக் கையால் பிடுங்கலாம். பெரிய மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்தால், மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும்; ஆகவே சுற்றிலும் ஏறக்குறைய ஓர் அடி ஆழம் தோண்டி, வேரை அறுத்து, தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். மரங்கள் விட்டுவிட்டு நிற்கும் சரளை நிலத்தில் பொக்லைன் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து: அங்கே மேல்மண் மெல்லியது, புல் விதையும் அதில்தான் கிடக்கிறது.

வெட்டிய கட்டை விறகுக்கும் கரி மூட்டத்துக்கும் உதவும். நெற்றுள்ள கிளைகளை மட்டும் பட்டிக்கு வேலியாகப் போடாதீர்கள். ஆடுமாடுகள் நெற்றைத் தின்றால் விதை செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி முளைக்கும். அப்படித் தின்ற கால்நடைகளை ஒரு வாரமாவது வேறிடத்தில் கட்டி வையுங்கள்.

குழிகளை உடனே மூடி, மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவுங்கள். அன்று உருவிய விதை சரியாக முளைக்காது; சில மாதங்கள் உலர வைத்த விதையே வேண்டும். அது காற்றில் பறக்குமளவு லேசானது என்பதால், ஈர மண்ணும் சாணமும் கலந்து தூவி, முட்செடியை இழுத்து மேலாக மூடினால் போதும். வேலி இடைவெளிகளில் கிளுவைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நடுங்கள். புல் பூத்து விதை உதிர்க்கும்வரை கால்நடைகளை உள்ளே விடாதீர்கள். அடுத்த சில ஆண்டுகளுக்கு ஒவ்வொரு மழைக்குப் பின்னும் காட்டைச் சுற்றிவந்து, முளைக்கும் சீமைக்கருவேலக் கன்றுகளை வேர் ஆழமாக இறங்குவதற்குள் பிடுங்கிவிட வேண்டும்.