எரிக்கை ஒட்டுப்போட்ட கதை

போன மாதம் எங்கள் வரலாற்று வாசிப்புக் குழுவில் ஓர் இளைஞர் பிரிட்டனின் வைக்கிங் மன்னர்களைப் பற்றிப் பேசினார். நல்ல உழைப்பு. ஆனால் பல வருடங்களுக்கு முன் நான் விழுந்த அதே குழியில், கிட்டத்தட்ட அதே இடத்தில், அவரும் விழுந்தார். இந்த வரலாற்றை எழுதுபவர்கள் விழும் அப்படிப்பட்ட குழிகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கொம்பு வைத்த தலைக்கவசம் போன்றவற்றை யாராவது திருத்திவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாகாவையும் ஆண்டுக்குறிப்பையும் தைப்பது

சாகா என்பது ஐஸ்லாந்தின் பழைய வீரக் கதை, ஆண்டுக்குறிப்பு என்பது ஆண்டுவாரியாக எழுதிய நிகழ்ச்சிப் பதிவு. பல வருடங்களுக்கு முன் நான் பேசியது வட இங்கிலாந்தின் யார்க் நகரை ஆண்ட 'ரத்தக்கோடரி' எரிக்கைப் பற்றி. பேச்சைச் சிறு நூலாக 300 பிரதி, கைக்காசில், முன்கூட்டியே அச்சிட்டிருந்தேன். முடித்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். "தம்பி, எரிக் 948இல் பட்டத்துக்கு வந்தார் என்றீர்கள். இங்கிலாந்தின் எட்மண்ட் ராஜா 946இல் இறந்தார் என்றும் சொன்னீர்கள். அப்படியானால் எட்மண்ட் காலத்துப் போரில் எரிக் எப்படிச் செத்தார்?"

பதில் இல்லை. 300 பிரதியும் பரணுக்குப் போயின.

நடந்தது இதுதான். பழைய ஆங்கிலேயர்களின் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் கையெழுத்துப் பிரதிகளில் ஒன்றான 'டி' கைப்படி, நார்த்தம்பிரியர்கள் (யார்க்கைச் சேர்ந்த வடபகுதி மக்கள்) எரிக்கை மன்னராக்கியதால், எட்மண்டுக்குப் பின் வந்த ஈட்ரெட் மன்னர் 948இல் படையெடுத்து நாட்டைச் சூறையாடினார், ரிப்பன் தேவாலயம் எரிந்தது என்கிறது. 'இ' கைப்படி, 952இல் "ஹரால்டின் மகன் எரிக்கை" ஏற்று 954இல் விரட்டினார்கள் என்கிறது. அவ்வளவுதான். கோடரியும் இல்லை, மரணமும் இல்லை. ஐஸ்லாந்தில் ஸ்நோரி என்பவர் சாகாவாக எழுதியதோ 13ஆம் நூற்றாண்டில். அவர் கதையில் எரிக்குக்கு நார்த்தம்பிரியாவைக் கொடுப்பவர் 939இல் இறந்த ஏதல்ஸ்தான். எரிக் போரில் மடிவது அடுத்து வந்த எட்மண்டின் ஆட்சியில். வட இங்கிலாந்தின் ஸ்டெயின்மோரில் துரோகத்தால் கொல்லப்பட்டார் என்பது இன்னொரு 13ஆம் நூற்றாண்டுக்காரர், ஆங்கிலத் துறவி வெண்டோவர் ரோஜர், சொல்வது. ஆண்டை ஒன்றிலிருந்தும், போரை ஒன்றிலிருந்தும், துரோகத்தை ஒன்றிலிருந்தும் எடுத்து நான் ஒரே சட்டையாகத் தைத்திருந்தேன்.

யார்க் எரிக்கும், சாகாக்கள் சொல்லும் நார்வே மன்னர் ஹரால்டின் மகன் 'ரத்தக்கோடரி' எரிக்கும் ஒரே ஆள்தானா என்றே சில ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். 'இ' கைப்படியில் "ஹரால்டின் மகன்" என்று இருக்கிறதே என்பீர்கள். அந்தக் கைப்படி 1121 வாக்கில் பீட்டர்பரோவில் பிரதி எடுக்கப்பட்டது. யார்க்கில் அடித்த காசுகளிலோ 'எரிக் ரெக்ஸ்', அதாவது எரிக் மன்னர், என்று மட்டும்தான். அப்பா பெயர் கிடையாது. இதையெல்லாம் பக்கத்துப் பக்கத்தில் மூன்று பத்தியாக எழுதியிருக்கலாம். கதை சுவையாக வேண்டும் என்ற ஆசை விடவில்லை. அந்த இளைஞரின் தாளில் ஸ்டெயின்மோரைப் பார்த்ததும் பரணில் கிடக்கும் கட்டுகள்தான் ஞாபகம் வந்தன.

ஆண்டை அப்படியே நம்புவது

இங்கிலாந்தின் கிழக்கில் இருந்த கிழக்கு ஆங்கிலியா நாட்டின் மன்னர் எட்மண்ட் (இவர் வேறு எட்மண்ட்) டேனிய வைக்கிங்குகள் கையில் இறந்ததை ஆண்டுக்குறிப்பு 870இன் கீழ் வைக்கிறது. அக்காலப் பதிவில் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது என்பதால், அவர் இறந்த நவம்பர் நம் கணக்கில் 869 என்பதே பெரும்பாலோர் முடிவு.

எந்த ஓலாஃப்?

அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 940 வாக்கில் யார்க்கை ஒருவர் பின் ஒருவராக ஆண்டவர்கள் இரண்டு ஓலாஃப்கள்.

எழுதியவன் யார் வீட்டுச் சோறு தின்றான் என்று பார்க்காதது

டேனியர் மத்திய இங்கிலாந்தின் மெர்சியா நாட்டில் மன்னராக அமர்த்திய சியோல்வுல்ஃபை ஆண்டுக்குறிப்பு 'அறிவில்லாத அரச ஊழியன்' என்று ஒதுக்குகிறது. அது எழுதப்பட்டது அண்டை நாடான, ஆல்ஃபிரட் மன்னரின் வெசெக்ஸில். 2015இல் இங்கிலாந்தின் வாட்லிங்டன் அருகே கிடைத்த புதையலில் ஆல்ஃபிரட், சியோல்வுல்ஃப் இருவர் பெயரிலும் ஒரே வடிவக் காசுகள் இருந்தன. காசு அடிக்கும்போது கூட்டாளி, ஏடு எழுதும்போது முட்டாள்!

ஏட்டில் இல்லாதவர் இல்லவே இல்லை என்பது

2011இல் லங்காஷையரின் சில்வர்டேலில் கிடைத்த வெள்ளிப் புதையலில் ஒரு காசில் 'ஏர்தெகோனுட்' என்ற பெயர் இருந்தது. ஹார்தகனுட் என்பதன் திரிபாக இருக்கலாம். கி.பி. 900ஐ ஒட்டிய காலத்தில் நார்த்தம்பிரியாவில் அப்படி ஒரு மன்னர் இருந்ததாக அதற்கு முன் யாருக்கும் தெரியாது.